காணிக்கைத் தட்டில் மாத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. எல்லோரும் என்று சொல்ல இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். உன் அத்தான் போய் இன்றோடு நாற்பத்தேழு நாள். உன் ஆறுதல் கடிதம் போன வாரம் வந்தது. போனில் கூப்பிடலாம் என்று இரண்டு முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்ய ஆரம்பித்துவிடுவாய், பேச வேண்டியதை இருவருமே பேசாமல் வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். முதல் பக்கம் ஆறுதல், இரண்டாம் பக்கம் முழுக்கப் பிரசங்கம். நுண்ணோக்கியிலேயே கண்ணை வைத்திருந்தால் கடவுள் எப்படித் தெரிவார் என்று கேட்டிருக்கிறாய். உயிர்கள் காலப்போக்கில் மாறி மாறி உருவாகின்றன என்று நான் நம்ப ஆரம்பித்த நாளில் கடவுள் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டார், அதன் பலன்தான் இது என்றும் எழுதியிருக்கிறாய். படித்ததும் கோபம் தலைக்கேறியது. கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, போகிற போக்கில் ஒரு வரி: மூன்று வாரமாக இருமல், மாலையானால் உடம்பு லேசாகச் சுடுகிறது, அதையும் அவர் பார்த்துக்கொள்வார். அந்த வரிக்கு வந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்குத்தான் பதில். ஆனால் நேராக அதற்கு வந்தால் நீ கேட்கமாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் உயிரியல் தேர்வில், பரிணாமத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு நேரே 'இதற்குப் பதில் எழுத என் மனம் ஒப்பவில்லை' என்று எழுதிவிட்டு வந்தவன்தானே நீ. ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா வீட்டுக்கு வந்து, சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

அத்தானின் கருவிப் பையைக் கம்பெனிக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றி விடுகிறேன், எனக்கு மட்டும் படிக்கட்டு என்று சொல்லிச் சிரிப்பாரே, நினைவிருக்கிறதா? எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. கடைசியில் மூன்று மாடி ஏற அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் மாடித் தையல்காரம்மா அவர் உட்காரட்டும் என்று படித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். இன்னும் அதை எடுக்கவில்லை. நான் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். லேபில் எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை உன்னிடம் ஒருமுறைகூட முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே குரங்குக் கதையா என்று கேட்டு நீ மடக்கிவிடுவாய். இப்போது மடக்க முடியாது, எழுத்து.

அவருக்கு முதன்முதலில் காசநோய் வந்தபோது அவர் சளியை எங்கள் லேபில்தான் வளர்த்துப் பார்த்தோம். நாங்கள் சின்னச் சின்னப் புட்டிகளில் கிருமிக்குச் சாப்பாடு போட்டு வளர்ப்போம். சில புட்டிகளில் சாப்பாட்டோடு மருந்தையும் கலந்திருப்போம். மருந்து கலந்த புட்டியில் கிருமி வளரவில்லை என்றால் அந்த மருந்து வேலை செய்யும் என்று அர்த்தம். அப்போது அவருடைய மருந்துப் புட்டிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் போதும், ஆள் எழுந்து ஓடுவார் என்று டாக்டரும் சொன்னார். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது. பிறகு நடந்தது உனக்கே தெரியும். மாத்திரையை நிறுத்தி நாலைந்து மாதத்தில் இருமல் திரும்ப வந்தது. உன்னிடம் சொல்லவும் அவருக்கு வெட்கம், என்னிடம் சொல்லவும் வெட்கம். குணமாகிவிட்டது என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன மனுஷன் எப்படிச் சொல்வார்? சட்டை அலமாரியில் மிச்சம் கிடந்த அட்டைகளிலிருந்து எடுத்து, கொஞ்ச நாள் ஒரு வகை, கொஞ்ச நாள் இன்னொரு வகை என்று ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டிருக்கிறார். சேர்த்துச் சாப்பிட வேண்டிய நாலு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடவில்லை.

அடுத்த முறை புட்டிகளைப் பார்த்தது நான்தான். மருந்து கலந்த புட்டிகளிலும் வளர்ந்திருந்தது. பொரபொரவென்று, ரொட்டித்தூள் கொட்டிவைத்த மாதிரி. வெளியிலிருந்து வந்த வேறு கிருமியோ என்று பழைய மாதிரியையும் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். அதே கிருமியின் வாரிசுதான். கோடிக்கணக்கான கிருமிகளில் எங்கோ நாலைந்து பிறவியிலேயே கொஞ்சம் வேறாக இருந்திருக்கின்றன. அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து மற்றதையெல்லாம் கொன்று அவற்றுக்கு இடம் காலி செய்து கொடுத்தது. அவை பெருகின. அவ்வளவுதான் தம்பி. நீ தேர்வில் பதில் எழுத மறுத்த கேள்விக்குப் பதில் இதுதான். அதற்கு லட்சம் வருடம் தேவைப்படவில்லை. என் புருஷனின் நெஞ்சுக்குள் ஒன்றரை வருடத்தில் நடந்து முடிந்தது.

பிறகு போட்ட ஊசியில் அவருக்குக் காது போய்விட்டது. இதை நான் உன்னிடம் மறைத்தேன். நீ அவரைப் பார்க்க வந்த நாளில் அவருக்கு ஒரு சொல் கேட்காது. ஒரு மணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நீ பிரார்த்தனை செய்தாய், அவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். உன் முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. அவர் தன் கவசத்தைத் தொட்டுக் காட்டி, உன் முகத்தையும் காட்டினார். நீயும் போட்டுக்கொள் என்றுதான் சொன்னார். நீ அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து அவருடையதையும் கழற்றிவிட்டாய். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது இரண்டு பேரும் முகத்துக்கு முகம், சன்னலும் சாத்தியிருந்தது. நீ போன பிறகு, தம்பி என்ன சொன்னான் என்று காகிதத்தில் எழுதிக் கேட்டார். சீக்கிரம் குணமாகிவிடும் என்று சொன்னான் என்று எழுதிக் காட்டினேன். அப்புறம் அவர் எழுதினார், "அவன் கவசம் போடலையே, அவன்கிட்ட சொல்லு." நான் சொல்லவில்லை. சொன்னால் நம்பிக்கை இல்லாதவள் என்பாய் என்று சும்மா இருந்துவிட்டேன்.

நான் கடவுளை விட்டுவிட்டேன் என்று நீ எழுதியது சரியில்லை. எங்கள் லேப் பொறுப்பாளர் அம்மாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. வேலை தொடங்கும் முன் நான் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா ரெண்டையும் ஒரே மண்டையில வெச்சிருக்க, அதுங்க சண்டை போட்டுக்காதா?" என்று ஒருநாள் கேட்டார். தினமும் போடுது மேடம் என்றேன். உண்மை அதுதான். கடவுள் ஆதியிலேயே எல்லாவற்றையும் செய்து முடித்துக் கதவைப் பூட்டிவிட்டார் என்று நீ சொல்கிறாய். நான் பார்க்கிற உலகத்தில் வேலை இன்னும் நடக்கிறது. உன் மகளின் விரலை உண்டாக்கிய அதே மாற்றம்தான் உன் அத்தானின் நுரையீரலைத் தின்றதையும் உண்டாக்கியது. ஒன்றுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு மற்றதற்கு வேறு யாரையோ கைகாட்ட எனக்குத் தெரியவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று தினமும் அவரையே கேட்கிறேன். திட்டக்கூடச் செய்கிறேன். பதில் கிடையாது. ஆனாலும் யாருமே இல்லாத வீட்டுக் கதவை ஒருத்தி இத்தனை நாள் தட்டுவாளா? என்னிடம் மிச்சம் இருக்கிற நம்பிக்கை அவ்வளவுதான். சின்னதுதான், ஆனால் பொய்யில்லை.

இப்போது சொல்லக் கூச்சமாக இருப்பதைச் சொல்கிறேன். இருமல் நின்ற புதிதில், நீ பிரசங்கம் செய்யும் கூடத்தில் அத்தானை மேடைக்குக் கூப்பிட்டாய். எடை ஏறியதைச் சொன்னார், இருமல் நின்றதைச் சொன்னார். "இனி எதுக்கு இதெல்லாம்? கடவுள் பாதியில விடுறவரா?" என்று நீ கேட்டாய். இல்லை என்று கூடமே கத்தியது. அவர் பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் காணிக்கைத் தட்டில் வைத்தார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருடமாகப் புட்டி பார்க்கிறவள். அந்தப் பொட்டலத்தைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கைதட்டினேன் தம்பி. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். வீட்டில் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தனியாகக் கழுவிக் கழுவி எனக்கு அலுத்துப்போயிருந்தது, அது உண்மையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். மேடையில் நிற்கிறவன் என் தம்பி என்ற பெருமை வேறு. உன்மேல் மட்டும் பழி போட இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்தே செய்தேன்.

அதனால்தான் இப்போது வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. மூன்று வார இருமலும் மாலைக் காய்ச்சலும் என்ன என்று நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்? பிரசங்கியே பரிசோதனைக்குப் போனால் கூடத்தில் என்ன பேசுவார்கள் என்று யோசிப்பாய். பேசட்டும். அத்தானுக்குப் பிறகு எத்தனை பேர் அந்தத் தட்டில் மாத்திரை வைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். அதில் இரண்டு பேரின் புட்டிகள் என் மேசைக்கு வந்துவிட்டன. அவர்களிடம் என்ன சொல்வது என்பதை அப்புறம் யோசிக்கலாம், முதலில் நீ பிழைக்க வேண்டும். மருமகளுக்கு வயது ஐந்து. உன் மார்மேல் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும் என்று உன் மனைவி சொல்லியிருக்கிறாள். இன்றிலிருந்து அவளை அங்கே படுக்கவிடாதே. அழுதாலும் விடாதே. நீ தனி அறையில் சன்னலைத் திறந்து வைத்துப் படு, வீட்டுக்குள்ளும் கவசத்தைக் கழற்றாதே.

காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியை ஆஸ்பத்திரியில் கொடு. எச்சிலைக் கொடுத்து ஏமாற்றாதே, எனக்குத் தெரிந்துவிடும். ஏனென்றால் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கொடுப்பதெல்லாம் புதன்கிழமை வண்டியில் எங்கள் லேபுக்குத்தான் வருகிறது. அதற்கு முன் பிரார்த்தனை செய்ய வேண்டுமா, செய். நானும் இங்கே செய்கிறேன். எதுவும் இல்லை என்று வந்தால் உன்னைப்போல முட்டிபோட்டு நன்றி சொல்லவும் தயார். அத்தானுக்கு வந்ததே உனக்கும் வந்திருந்தால் வைத்தியம் நீளும், உடம்பு படாத பாடு படும். ஆனால் சீக்கிரம் பிடித்தால் பிழைப்பவர்கள் உண்டு. நான் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்னதை நீ நம்ப வேண்டாம். உயிர்கள் மாறவே இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிரு, கேட்டுக்கொள்கிறேன். அக்காவை மன்னித்தேன் என்றும் எழுத வேண்டாம். புதன்கிழமை நான் பெட்டியைத் திறக்கும்போது ஒரு படிவத்தில் உன் பெயர் இருந்தால் போதும். உன் புட்டியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன்.

கடவுள் உன் மூச்சைக் காக்கட்டும்.

புதன்கிழமை வண்டியைப் பார்த்திருக்கும்,
உன் அக்கா