நம் ஊர் சிவப்பு

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

எந்த ஊரில் மாரடைப்பு அபாயம் அதிகம் என்று உங்கள் அலுவலகம் போட்ட வரைபடம் பேப்பரில் வந்துவிட்டது. நம் ஊர் ரத்தச் சிவப்பு. என் பெண்ணுக்குப் பேசி வைத்த சம்பந்தம் ஆட்டம் கண்டுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா போனில், "உங்க ஊர்ல எல்லாருக்கும் நெஞ்சு வீக்காமே?" என்றாள். "எங்களுக்கு வாய்தாங்க கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வரைபடம் போட்டவளே நீதானே? கொஞ்சம் மஞ்சளாக்கு. கல்யாணம் முடிந்ததும் எந்த நிறம் வேண்டுமானாலும் பூசிக்கொள்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தச் சிவப்பு யாருடைய ரத்தத்தையும் பற்றியதில்லை. மதியத்துக்கு மேல் ஊருக்கு பஸ் இல்லை. டாக்டர் வாரம் ஒரு நாள்தான் வருகிறார். குவாரியில் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு, அதனால் யாரும் மாத்திரை வாங்கக்கூடப் போவதில்லை. பாதி வீடுகளில் வயசானவர்கள் தனியாக இருக்கிறார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் நிறம் கொடுத்தோம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே பேசுகிறேன். நிறத்தை மட்டும் மாற்றச் சொல்லாதே. சிவப்பு ஊர்களுக்குத்தான் முதலில் ஆம்புலன்ஸ் தரப்போகிறார்கள். அத்தானுக்கும் பிரஷர் இருக்கிறது. உன் பெண் பாப்பாவை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உன் தங்கை

மார்ச் 20

தங்கைக்கு,

பேசினாயாம். பஸ், டாக்டர், கூலி என்று விலாவாரியாக விளக்கினாயாம். "பஸ்ஸே வராத ஊர்ல எப்படிங்க சம்பந்தம் வெச்சுக்கறது?" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். என் பெண் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

ஜூன் 14

வரைபடம் போட்ட மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை என் கணவருக்கு நெஞ்சுவலி. "வாயுதான், சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்று அடம்பிடித்தவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது வீட்டுக்கு வந்து, உப்பில்லாத சாப்பாட்டுக்காக என்னோடு சண்டை போடுகிறார்.

நீங்கள் நிறத்தை மாற்றாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்கள் அலுவலகத்தில் என் தங்கை வேலை பார்க்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அத்தானைப் பார்க்க வருவதானால் வரட்டும். சாப்பாடு போடுவேன், பேச மாட்டேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மனைவி