முதல் ஹார்ன்காரரின் உதடு

நூரெம்பெர்க், ஜெர்மனி

அன்புள்ள லிபுஷெ,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்றைய கச்சேரியில் ஒரு சின்ன விஷயம். பிரெஞ்சு ஹார்ன் ஊதுகிறவர்களில் முதல் ஆளின் உதட்டைக் காப்பாற்ற ஓர் உதவியாளர் உண்டு. சத்தமான இடங்களை அவர் ஊதுவார். முப்பது வருடமாக வேண்டாம் என்றவன் நான். நேற்றும் என் உதவியாளர் உல்ரிக்கேவைச் சும்மாதான் உட்காரவைத்தேன். கடைசியில், நான் தனியாக வாசிக்கும் இடத்தில் உதடு மரத்துவிட்டது. மிச்சத்தை அவள் ஊதி முடித்தாள்.

"உன்ன யாரு கேட்டா?" என்றேன் பிறகு.

"யாரும் கேக்கல, பெரியவரே. வீம்பு வந்து ஊதுமா?"

யாரிடமும் படிக்காமல் தானாக ஊதக் கற்ற எனக்கு இதுதான் மரியாதை. இன்னொரு முறை தவறினால் முதல் ஆளின் நாற்காலி எனக்கு இல்லை என்கிறார்கள் இசைக்குழுவில். இன்று இரவும் அதே இசைதான். சத்தமான இடங்களை அவளுக்கு விட்டுவிட்டேன். அது என் முடிவு, யாரும் சொல்லிச் செய்யவில்லை.

உதட்டில் தடவ, நீ காய்ச்சும் தேன்மெழுகுக் களிம்பை அனுப்பு. கூடவே நாலு வரி எழுது, ஆறு வரியானாலும் சரி. ஒத்திகைக்கு நேரமாகிறது.

உன்
பொஹுமில்