வாசிக்க வந்தவரின் பார்வை

தொலேதோ,
1509 மே 3, திருச்சிலுவைத் திருநாள்.

புரூஜ் நகரில் கம்பளி வியாபாரம் பார்க்கும் என் கணவர், மதிப்பிற்குரிய குத்தியெர்ரே அவர்களுக்கு, மென்சியா வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். நம் மகள் வியொலாந்தேயும் உடம்பளவில் நலம். அந்த ஊர் ஈரமும் வெண்ணெயும் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதவும். தோட்டத்து வாதுமை இந்த ஆண்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. கூரையில் இரண்டு ஓடு உடைந்துபோய், கொத்தனாரை வரவழைத்து மாற்றினேன். நல்ல செய்தி இவ்வளவுதான். இனி வருவதை உட்கார்ந்து படியுங்கள்.

நம் மகள் குடும்பத்தின் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறாள். யாரோ சொன்னதைக் கேட்டு எழுதவில்லை. என் இரண்டு கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளிலிருந்து ஞாயிறு பிற்பகல்களில் வீட்டில் புத்தகம் வாசிக்க ஏற்பாடு செய்திருப்பதாக முன்பே எழுதினேன். வாசிப்பவர் பெயர் ஓர்துன்யோ. சலமாங்காவில் படித்துவிட்டு இங்கே ஒரு பத்திரப் பதிவாளரிடம் எழுத்தராக இருக்கிறார். முப்பது வயதைத் தாண்டியவர், மணமாகாதவர். புத்தகம் புதிதாக அச்சான ஒரு நாடகம். பாதி சிரிப்பு, பாதி அழுகை. ஒரு படைத்தலைவனுக்கு ஒரு சீமாட்டி மேல் ஆசை. அவளுடைய தோழி இரண்டு பக்கமும் பரிசு வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் புளுகுகிறாள். ஓர்துன்யோ ஆளுக்கொரு குரல் வைத்து வாசிப்பார். தோழி பேசும் இடத்தில் மூக்கால் இழுப்பார். நம் வேலைக்காரி ஒலாயா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிடுவாள். தவக்காலத்தில் நிறுத்தி, பாஸ்காவுக்குப் பிறகு தொடர்ந்தோம்.

வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்கள் மேடையில், கம்பளத்தின் மேல். வரும் ஆண்கள் கீழே நாற்காலியில். மணமாகாத பெண் தாய்க்கு முன்னால், ஒரு படி தாழ்வாக. அப்படித்தான் வியொலாந்தே என் முழங்காலுக்கு முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். படைத்தலைவன் தன் ஆசையைச் சொல்லும் இடம் வந்தால் போதும், இந்த மனிதர் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. தலையை நிமிர்த்தி நேரே மேடையைப் பார்க்கிறார். நான்கு ஞாயிறு கவனித்தேன். ஒரு வரிகூடத் தவறவில்லை. இப்போது எனக்கே அந்த வரிகள் மனப்பாடம். சந்தேகம் வந்த பிறகு காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டேன் அல்லவா, அதனால்.

அவருக்குத் தொண்டை சரியில்லை, தூரத்திலிருந்து கத்த வேண்டாமே என்று நாற்காலியை மேடைக்குப் பக்கத்தில் போடச் சொன்னவள் நான். என் நல்ல மனதுக்குக் கிடைத்த பலனைப் பாருங்கள்.

போன ஞாயிறு, சீமாட்டி தன் தோழியை அடித்துத் துரத்தும் காட்சி. வாசித்து முடித்ததும் வழக்கம்போல யார் மேல் குற்றம் என்று பேசினோம். தோழி மேல்தான் என்றேன் நான். ஓர்துன்யோ புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “தோழி மேல அந்தம்மாவுக்குக் கோபமே இல்லைங்க. இவ வாயைத் திறந்தா நம்ம மனசு வெளிய வந்துடுமோன்னு பயம். அந்தப் பயம்தான் கோபமா வருது” என்றார். வியொலாந்தே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். யாருக்காகச் சொன்னது, யார் சிரித்தது என்று எனக்குப் புரியாதா? இனி வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஒலாயா துணி மடித்துக்கொண்டே, “அம்மா, இனிமே ஞாயித்துக்கிழமை அந்தப் பச்சைப் பாவாடை வேணாமில்ல? பெட்டியில வச்சுடட்டா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் உடைக்கும் இவளுக்கும் என்ன பேச்சு? என் கவனத்தை வேறு பக்கம் இழுத்துவிட்டு மகளுக்குத் தூது போகிறவள் இவள்தான் என்று அப்போதே பொறி தட்டியது. பதினோரு வருடம் நம் வீட்டில் இருந்தவள் என்றும் பார்க்காமல் வெளியே அனுப்பினேன்.

வியொலாந்தேயின் பெட்டியைத் துழாவினேன். ஊசி, நூல், இரண்டு கைக்குட்டை. கடிதம் ஏதும் இல்லை. எனக்குச் சந்தேகம் அதிகமானதே அதனால்தான். அவ்வளவு நன்றாக ஒளிக்கத் தெரிந்திருக்கிறது.

நாளை அவளை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கன்னியர் மடத்தில் சேர்க்கிறேன். அங்கேயே நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளத் தகப்பனின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று மடத்துத் தாயார் கேட்கிறார். உடனே எழுதுங்கள். புர்கோஸில் அவளுக்குப் பேசி வைத்த சம்பந்தத்தை நான் பேசி முறித்துக்கொள்கிறேன்.

தேவமாதா உங்களைக் காப்பாளாக.

உங்கள் கௌரவத்தைக் கண்போல் காக்கும் மனைவி,
மென்சியா



தொலேதோ,
1509 ஜூன் 9.

என் கணவர் குத்தியெர்ரே அவர்களுக்கு,

முந்தைய கடிதம் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். சம்மதம் இன்னும் எழுதவில்லை என்றால் எழுத வேண்டாம். எழுதி அனுப்பிவிட்டீர்கள் என்றால், அது செல்லாது என்று மடத்துத் தாயாருக்கே நேராக இன்னொன்று எழுதுங்கள். மகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் போய்க் கேட்டேன். சேர்ப்பதற்கானாலும் அனுப்புவதற்கானாலும் இனித் தகப்பன் வார்த்தைதான் என்று சொல்லிவிட்டார். உங்கள் சம்மதம் முதலில் வந்து சேர்ந்தால், ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருநாளில் அவளுக்கு முடி களைந்து முக்காடு போட்டுவிடுவார்கள். பிறகு யார் அழுதும் பயனில்லை.

வியொலாந்தே மேல் ஒரு குற்றமும் இல்லை. காரணம் சொல்லாமல் மகளை விட்டுவிடச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் போன கடிதம் அவ்வளவு உறுதியாக இருந்தது. அதனால் காரணத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். காலையிலிருந்து இரண்டு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பெந்தெகோஸ்துக்கு மறுநாள் மடத்துக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வியொலாந்தே, அவளுக்குப் பின்னால் பேச்சைக் கேட்பதற்கென்றே உட்காரும் கிழட்டுக் கன்னியாஸ்திரி. உண்மையைச் சொல், மன்னித்துவிடுகிறேன் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. “நான் குனிஞ்சு தைச்சிட்டிருந்தேன்மா. அவர் பார்வை என் தலைக்கு மேலதான் போச்சு” என்றாள். அதெல்லாம் சாக்கு என்றேன். “பிப்ரவரியில ரெண்டு வாரம் காய்ச்சல்ல நான் மாடியில கிடந்தேனே. அந்த ரெண்டு ஞாயிறும் அவர் வாசிச்சார். அப்ப நிமிர்ந்து பார்த்தாரா இல்லையா? நீங்களே சொல்லுங்க” என்றாள்.

பார்த்தார்.

கிழவி இருமினாள். வியொலாந்தே கம்பிக்குப் பக்கத்தில் வந்து, “எனக்கு உங்க மேல கோபமில்லம்மா. ஆனா என்னை உள்ள வச்சுப் பூட்டினா உங்களைப் பூட்டினதா ஆகாது” என்று மெல்லச் சொன்னாள். பத்தொன்பது வயதுப் பெண் இப்படிப் பேசலாமா என்று திட்டிக்கொண்டேதான் பாலம் வரைக்கும் வந்தேன். பாலத்தின் நடுவில் திட்டுவதை விட்டுவிட்டு நின்றேன்.

இன்னும் இருக்கிறது. நம் பங்குக் கோவிலை விட்டுவிட்டு நான்கு ஞாயிறாக மேட்டுத் தெருக் கோவிலுக்குப் பூசைக்குப் போகிறேன். ஓர்துன்யோ அங்கேதான் வருவார். முதலில் வேவு பார்க்கத்தான் போனேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். காதலியை மடத்தில் அடைத்திருக்கிறார்களே, இவர் முகம் எப்படி வாடியிருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான். வாடியிருந்தது உண்மை. நான் உள்ளே நுழைந்ததும் தெளிந்துவிட்டது. எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, குத்தியெர்ரே. முப்பத்தேழு வயதில், மகளை மடத்தில் தள்ளிவிட்டு, கோவிலில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன். அடுத்த ஞாயிறும் போனேன். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியும்.

ஒலாயாவைத் தேடி அவள் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கொண்டைக்கடலை அலசிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. “நான் யாருக்கும் தூது போகலம்மா. உங்களைப் பார்த்துச் சிரிப்பு வந்துச்சு, அவ்வளவுதான். அதுவும் கேலியா இல்ல” என்றாள். திரும்ப வரச் சொன்னேன். சின்னம்மா வியொலாந்தே வீட்டுக்கு வரட்டும், அன்றைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

உங்களையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். இரண்டு வருடமாக உங்கள் கடிதங்களில் கம்பளியும் மழையும் தவிர ஒன்றும் இல்லை. அங்கே உங்களுக்குச் சமைத்துப் போடுவது யார் என்று கேட்டு எழுதவும் இருந்தேன். இப்போது அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாயில்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். திட்டி எழுதுங்கள். மடத்துக்கு எழுத வேண்டியதை மட்டும் அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் மிக்கேல் திருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அவ்வளவு நாள் வேண்டாம். பில்பா துறைமுகத்துக்குக் கிளம்பும் முதல் கப்பலில் ஏறுங்கள். சரக்கைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வாருங்கள். ஓர்துன்யோ இந்த வீட்டுக்குத் திரும்ப வரவில்லை. நான் வரச் சொல்லவும் இல்லை. இந்த இரண்டையும் இன்றைய தேதி வரைக்கும் சிலுவைமேல் சத்தியமாக எழுத முடிகிறது.

சீக்கிரம் வாருங்கள்.

மென்சியா