சின்னது சொன்ன சாட்சி

பிள்ளைகள் அப்பாவுக்கு,

இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே வெறும் தரையில்தான் படுக்கை என்று பெரியவன் சொன்னான். கெட்டிப் போர்வை ஒன்று அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜெயிலுக்குள் விடுவார்களோ மாட்டார்களோ, முயற்சி செய்யட்டும்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு மூலையை நானும் மறு மூலையை இன்னொருத்தியும் இழுத்துப் பிடித்துச் சுருக்கம் விழாமல் விட வேண்டும். ஆவி அடித்து விரல் நுனியெல்லாம் தோல் உரிகிறது. ஆனால் அந்த இரைச்சலில் யாரும் யாரையும் எதுவும் விசாரிக்க முடியாது. எனக்கு அது போதும்.

சமையலறைக் கூரை ஒழுகியதைப் பெரியவன் தகரம் வைத்து அடைத்துவிட்டான். டயர் கடையில் அவன் மேல் நல்ல பேர் இருக்கிறது. கல்யாணம் பேசிய வீட்டில்தான் பின்வாங்கிவிட்டார்கள். காரணம் என்னவென்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் சின்னதோடு பேசுவதில்லை. சாப்பிடும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுகிறான்.

வக்கீல் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார். வீட்டில் சின்னது ஒளித்துவைத்திருந்த கவுனைப் பார்த்த நீங்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து தையல் கடைக்குப் போயிருக்கிறீர்கள், கோபம் அடங்க அத்தனை நேரம் இருந்தது, அதனால்தான் முதல் கோர்ட்டில் இவ்வளவு பெரிய தண்டனை என்றார். இப்போது மேல் கோர்ட்டில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறதாம். தையல்காரர் பல வருஷமாகப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுப் பெண் உடுப்புப் போட்டுப் பழக்கினார், மனசைக் கெடுத்தார், அதனால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று சின்னது வாயால் சொல்ல வேண்டுமாம். இப்படிப்பட்ட மனசு பிறவியில் வருவதில்லை, பழக்கினால்தான் வரும் என்று ஒரு மனநல டாக்டரும் எழுதித்தர வேண்டுமாம். செத்துப்போனவர் வந்து மறுக்கப்போவதில்லை என்று வக்கீலே சொல்லிச் சிரித்தார்.

சொல்லிவிட்டால் அப்பா வந்துவிடுவார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பெரியவன் சொன்னான். சின்னது வீட்டுக்கு வந்து சாப்பிட்டது, தட்டைக் கழுவிக் கவிழ்த்தது, பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டது.

இதை வக்கீலிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்ல முடியும். சின்னதுக்கு நாலு வயசு இருக்கும்போது, நான் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருக்கையில், பெரிசானதும் நான் அக்கா ஆயிடுவேன்ல என்று கேட்டது. நீங்கள் கதவோரம் சவரம் செய்துகொண்டிருந்தீர்கள். சிரித்த சிரிப்பில் தாடையைக் கீறிக்கொண்டீர்கள். பஸ் டிப்போவில் போய் எல்லா டிரைவர்களிடமும் சொன்னீர்கள், அவர்கள் பார்க்கும்போதெல்லாம் அக்கா சௌக்கியமா என்று கேட்பார்கள். அப்போது அந்த இடத்தில் தையல் கடையே கிடையாது. சைக்கிள் கடை இருந்தது. தையல்காரரும் அவர் மனைவியும் நம் தெருவுக்கு வந்தபோது சின்னது நாலாம் வகுப்பு.

வேறு வழி தேடச் சொல்லி நீங்களே வக்கீலுக்குச் சொல்லியனுப்புங்கள். உங்கள் பேச்சைத்தான் அவர் கேட்பார். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

உங்கள் வீட்டிலிருந்து,
பிள்ளைகளின் அம்மா


பிள்ளைகள் அப்பாவுக்கு,

பெரியவன் கொண்டுவந்த உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு எழுதியிருப்பீர்கள் என்று பிரித்தேன். சின்னதுக்கு எழுதியிருந்தீர்கள். நீ என் பிள்ளைதான் என்றால் எனக்காக இதைச் சொல் என்று ஒரே வரி. அதைச் சின்னது நின்றுகொண்டே படித்தது. அப்புறம் உட்கார்ந்து படித்தது.

முதலில் டாக்டர் கதையைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் சொன்ன டாக்டரிடம் நானும் சின்னதும் போனோம். வயசானவர், நல்ல மாதிரி. சின்னதோடு தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். இரண்டாவது பெண்ணாகப் பிறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களா, அப்பா வீட்டில் இருப்பது குறைவா, யாரோடு விளையாடும், என்ன பொம்மை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று. ஒவ்வொரு கேள்வியும் என் மேல் வந்து முடிவதைப் போலவே இருந்தது. உங்கள் அக்கா வந்து நின்று வளர்ப்பு சரியில்லை என்பாரே, அதையே இவர் மெதுவான குரலில் கேட்கிறார் என்று தோன்றியது. பொம்மை வாங்கியதே இல்லை, இரண்டும் அவர்கள் அப்பா டிப்போவிலிருந்து உருட்டிவந்த பழைய டயரை வைத்துத்தான் விளையாடின என்றேன். பெரியவனுக்குச் சின்னதாகிப்போன சட்டையைப் போட்டுத்தான் இதுவும் வளர்ந்தது. ஒரே வயிறு, ஒரே அடுப்பு, திட்டினால் இரண்டுக்கும் ஒரே திட்டு. ஒன்று அப்படியே அப்பாவை உரித்துவைத்திருக்கிறது. இன்னொன்று இப்படி. நான் எந்த இடத்தில் கையை மாற்றிப்போட்டேன் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர் என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிறப்பு பாதியா வளர்ப்பு பாதியான்னு அளந்து சொல்ல யாராலயும் முடியாதும்மா. ஆனா ஒருத்தர் ஒரு கவுன் தெச்சுக் குடுத்து ஒரு பிள்ளையை மாத்திட முடியாது. அப்படி எழுதித்தர என்னால ஆகாது."

வக்கீல் அசரவில்லை. ஊரில் இவர் ஒருத்தர்தானா டாக்டர் என்றார். வேறொருவரிடம் வாங்கிவிட்டார். அந்த இரண்டாவது டாக்டர் சின்னதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். சின்னது சம்மதித்துவிட்டது. நான் வற்புறுத்தவில்லை, பெரியவனும் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "அப்பா வெளியே வரட்டும்மா. நான் சொல்லிடறேன்" என்றது. வேண்டாம் என்றேன். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸெல்லாம் காட்டுவாரே, உனக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டது.

தோள் வரை வளர்த்திருந்த முடியைப் பெரியவனே கூட்டிக்கொண்டுபோய் ஒட்ட வெட்டிவிட்டான். வரும்போது சின்னதின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டன. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

இன்னும் நேரம் இருக்கிறது. வேண்டாம் என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் பிள்ளை நின்றுவிடும். நான் சொன்னால் நிற்காது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பிள்ளைகளின் அம்மா


பிள்ளைகள் அப்பாவுக்கு,

தீர்ப்பு வந்த அன்று நான் உங்கள் கண்ணில் படவில்லை என்று பெரியவனிடம் வருத்தப்பட்டீர்களாம். கடைசி பெஞ்சில்தான் இருந்தேன். எழுந்து வர முடியவில்லை.

தண்டனை குறைந்துவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருந்த காலத்தைக் கழித்தால் இன்னும் சில மாதம்தான் என்று வக்கீல் சொல்கிறார். பெரியவன் ஜன்னலுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். கல்யாணப் பேச்சும் மறுபடி வருகிறது.

சாட்சி சொன்ன அன்று கூண்டில் நின்ற பிள்ளையின் முதுகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கு முகம் தெரிந்தது. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னது. உள்ளே கூப்பிட்டார், உடுப்புப் போட்டுவிட்டார், வீட்டில் சொல்லாதே என்றார், நான் அப்படிக் கிடையாது, அவர்தான் என்னை இப்படி ஆக்கினார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இப்போ எப்படிப்பா இருக்கே என்று கேட்டார். "இப்போ சரியாயிட்டேங்க." அந்த இடத்தில் குரல் உடைந்தது. அந்த அழுகைதான் கேஸையே திருப்பியது என்று வக்கீல் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிள்ளை அவர் கையை விலக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

தையல்காரர் மனைவி எனக்கு முன் வரிசையில் இருந்தார். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். முதல் கோர்ட்டில் அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். சின்னது கவுன் கேட்டுப் பல தடவை வந்தது, தன் கணவர் ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கேட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார், கடைசியில் வேறெங்காவது போய் அடிவாங்கிவிடுமோ என்று பயந்துதான் தைத்துக்கொடுத்தார் என்றார். தையல்காரருக்கு ஒரு காது கேட்காது. நீங்கள் கத்தியது புரியாமல்தான் சிரித்தார். கேலி செய்கிறார் என்று நினைத்து நீங்கள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தீர்கள்.

அவர் போன பிறகும் அந்த அம்மா கடையை நடத்திக்கொண்டுதான் இருந்தார். என் வேலை உடுப்புக்கூட அவர் தைத்ததுதான். கூலி வேண்டாம் என்று தள்ளாமல் வாங்கிக்கொண்டார், அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சின்னது சாட்சி சொன்ன மறுநாளிலிருந்து தெருவில் யாரும் தங்கள் பிள்ளைகளின் துணியை அங்கே கொடுக்கவில்லை. கடைக் கதவில் கரியால் அசிங்கமாக எழுதிவைத்தார்கள். அவர் துடைக்கத் துடைக்க மறுபடி எழுதினார்கள். இப்போது கடை மூடிவிட்டது.

மூடுவதற்கு முன்னால் சின்னது யாருக்கும் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் கதவைத் திறந்தாராம். "உன்னை எனக்குத் தெரியும், அதனால உன்மேல கோவம் வரலை. ஆனா இனிமே இங்கே வராதே" என்றாராம். வீட்டுக்கு வந்து அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னது. கோர்ட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அது வாய் திறந்தது. அப்புறம் ஒன்று சொன்னது. "பையன்னு சொன்னா அது பொய். பொண்ணுன்னு சொன்னா, அப்போ கோர்ட்ல சொன்னது பொய்னு ஆயிடும், அப்பாவைப் பிடிச்சு வச்சுப்பாங்க. இந்த வீட்டுல நான் எதும்மா சொல்லிக்கிட்டு இருக்கிறது?"

எழுந்துபோய் அதன் துணியைப் பையில் எடுத்து வைத்தேன்.

அவள் போய்விட்டாள். இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. சின்னது, பிள்ளை, அது, இது என்று இத்தனை வருஷமும் சுற்றிச் சுற்றி எழுதியும் பேசியும் ஒப்பேற்றினேன். உங்களுக்கும் உறுத்தாது, அவளுக்கும் வலிக்காது என்று. பெரியவன் அவள் சொல்லாமல் ஓடிப்போனதாக நினைக்கிறான். பஸ் ஏற்றிவிட்டது நான். எங்கே என்று எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஒரு முறை போய்ப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் இருக்கிற ஒரே அறையில், ஜன்னல் இல்லாத பக்கம் படுக்கிறாள். பாத்திரம் கழுவுகிற வேலை. காய்ச்சலாய்க் கிடந்தாள். படிப்பு நின்றுவிட்டது. முடி இன்னும் வளரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் நான் கிளம்பும்போது திரும்பிப் படுத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாள். அதற்கு மேல் நல்ல செய்தி என்று எழுத ஒன்றும் இல்லை.

பிறப்பா வளர்ப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த டாக்டருக்கே தெரியாதது சலவைக்காரிக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் நாம் வளர்த்ததில் ஒன்று நிச்சயமாகத் தெரிகிறது. அப்பா என்றால் உயிர் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம். அதற்காகத்தான் கூண்டில் ஏறி, தனக்கு நல்லது செய்த மனுஷனையும் தன்னையும் சேர்த்துப் பொய்யாக்கிவிட்டு இறங்கினாள். அது மட்டும் முழுக்க முழுக்க நம் வளர்ப்பு.

நான் போய் ஜட்ஜிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வேறொரு வக்கீலிடம் விசாரித்தேன். சொன்னால் பொய்ச்சாட்சி என்று அவள் மேல் விழுமாம். நீங்கள் சொன்னால் கதை வேறு. நான்தான் எழுதிக் கேட்டேன், வக்கீல்தான் சொல்லிக்கொடுத்தார், தையல்காரர் பேரில் ஒரு தப்பும் இல்லை, என் பிள்ளை நாலு வயசிலேயே சொன்னது எனக்குத் தெரியும் என்று நீங்கள் சொன்னால் அவளை விட்டுவிடுவார்களாம். உங்களுக்கு வருஷங்கள் கூடும். பெரியவன் ஆயுசுக்கும் என் முகத்தைப் பார்க்க மாட்டான். தெரிந்துதான் கேட்கிறேன்.

உங்களை வெறுத்துக் கேட்கவில்லை. வெறுத்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதை நானும் பார்த்தவள்தான். அந்த மனுஷனிடம் கேட்கிறேன். நீங்கள் சொன்னீர்கள் என்று தெரிந்தால், எத்தனை வருஷம் ஆனாலும் சரி, வெளியே வரும் அன்று ஜெயில் வாசலில் நிற்பேன். கூட அவளும் இருந்தால் இருக்கலாம்.

சொல்ல மனம் வராவிட்டாலும் உங்கள் மேல் கோபம் வராது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். நல்லபடியாக வந்து சேருங்கள். வீட்டுச் சாவி பெரியவனிடம் இருக்கும்.

உங்கள் மகளின் அம்மா