இறங்காத சுருதி

வியன்னா, 1841 மார்ச் 9

லீன்ஹார்ட் தமது பியானோப் பட்டறையில் எனக்கு இழைத்தவை:

1. பிப்ரவரி 20: பியானோவின் மரச் சட்டகத்துக்குப் பதிலாக என் கணக்கின்படி வார்த்த இரும்புச் சட்டகத்தை வேலையாட்கள் எதிரில் ‘டான்யூப் பாலம்’ என்று கேலி செய்தார்.

2. மார்ச் 2: புதிய வாத்தியங்களை மதிப்பிடும் நடுவர்கள் முன் வாசிப்பு. உடன் வாசித்த பிடிலைவிடப் பியானோவின் சுருதி ஏறி நின்றது. ‘இரும்பு கத்துகிறது, தகாது’ என்று எழுதிவிட்டார்கள். லீன்ஹார்ட் ஒரு சொல்கூட மறுத்துப் பேசவில்லை.

3. மார்ச் 8: ஏப்ரல் முதல் தேதி சட்டகத்தை உருக்க அனுப்பும்படி ஆணையிட்டார்.

ஒன்பது ஆண்டு உழைப்பு.

மார்ச் 14

ஞாயிறு. சூப், ரொட்டி. எதிர் நாற்காலியில் வரைபடங்கள். குரல் இருக்கிறதா என்று இருமிப் பார்த்தேன்.

மார்ச் 15

மாடியிலிருந்து பட்டறைக்கு இறங்கினேன். யாரும் அழைக்காமல் நானாக இறங்குவது ஆறு மாதத்தில் இரண்டாம் முறை. பியானோவைச் சோதித்தேன். பதின்மூன்று நாளாகியும் சுருதி மயிரிழைகூட இறங்கவில்லை. ஏற்றியது யார்?

மேஸ்திரி வாட்ஸ்லாவ் மறைக்கவில்லை.

“நான்தான், டாக்டரய்யா. கச்சேரிக்கு முந்தி ஒரு பிடி ஏத்தித்தான் வைப்போம். கம்பி இழுக்க இழுக்க மரம் வளைஞ்சு குடுக்கும். வாசிக்கிற நேரத்துக்குச் சரியா வந்து உக்காந்துரும். முப்பது வருஷமா அப்படித்தான்.”

“இது மரமில்லையே!”

“இது இறங்காதுன்னு எனக்கு யாரு சொன்னா? நீங்க மாடியில கணக்கோட குடித்தனம் நடத்துறீங்க. ஒரு வணக்கம்கூடக் கீழ வர்றதில்ல.”

வேலையாட்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன வந்துச்சு?

மார்ச் 16

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17

நடுவர்களுக்கு எழுதிய கடிதத்தை வாட்ஸ்லாவிடம் படித்துக் காட்டினேன். “உங்க தப்ப ஒரு வரியில ஒத்துக்கிட்டீங்க, சரி. அவங்க தப்புக்கும் அதே ஒரு வரிதானா? காரம் பத்தலய்யா,” என்றார். பிறகு கேட்காமலே என் பெயருக்குக் கீழே தம் பெயரையும் எழுதினார். நகல்:

‘நடுவர் குழுவினருக்கு. மார்ச் 2 அன்று நீங்கள் கேட்டது சட்டகத்தின் குறையன்று. மரத்துக்குரிய வழக்கப்படி சுருதி ஏற்றப்பட்டது. இரும்பு வளையாது என்பதை மேஸ்திரியிடம் சொல்லாதது என் பிழை. காரணம் விசாரியாமல் தீர்ப்பு எழுதியது உங்கள் பிழை. வாட்ஸ்லாவே சுருதி சேர்க்க, அதே பியானோவை மீண்டும் கேட்பீர்களா, மாட்டீர்களா? மார்ச் 31 நண்பகலுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வாய்ச்சொல்லை ஏற்க மாட்டோம்.’