சமையல் மேடையின் உயரம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் தும்மலைத் தவிர வேறு குறையில்லாமல் சுகமாக இருக்கிறோம். வீடு முழுக்க சிமெண்ட் தூசி, தலையணையைத் தட்டினால்கூடப் புகை மாதிரி கிளம்புகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், போனில் நீ “நல்லா இருக்கேம்மா” என்று சொல்லிவிட்டு ஓடுகிற வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. சமையலறையை இடித்துக் கட்டுகிறோம் என்று சொன்னபோது “ஏம்மா, இப்ப திடீர்னு?” என்று கேட்டாய், நான் கரையான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். கரையான் இருந்தது உண்மைதான், அலமாரிக் கதவு கையோடு வந்ததும் உண்மைதான். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பதறாதே. கெட்ட செய்தி ஒன்று இருக்கிறது, அது பழசாகி ஆறியும் போய்விட்டது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்ல செய்தி, கொஞ்சம் சிரிப்புச் செய்தியும்கூட.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அவர் இருந்த கணக்குப் பிரிவையே மூடிவிட்டார்கள், நீ போன முறை வந்துவிட்டுத் திரும்பிய கொஞ்ச நாளில். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டார், “அவ அங்க தனியா இருக்கா, கேட்டா சாப்பாடு இறங்காது” என்றார். சாப்பாடு இறங்காமல் இருந்தது அவருக்குத்தான். ஆனாலும் அது அவர் செய்தி, அவர் சொல்லும்போது சொல்லட்டும் என்று நான் விட்டுவிட்டேன். முதலில் கொஞ்ச நாள் செய்தித்தாளில் வரன் தேடும் விளம்பரம் வரைக்கும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் நான் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வந்தால் மேசையில் சூடாகச் சாப்பாடு இருக்கிறது. மறுநாளும் இருந்தது. என் குணம் உனக்குத் தெரியும், மீன் தொட்டி, சைக்கிள், புல்லாங்குழல் என்று அவர் தொடங்கிப் பாதியில் விட்ட வரிசையில் இதையும் சேர்த்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். ஆனால் இது போகவில்லை. கணக்கு எழுதுகிற மாதிரியேதான் சமைக்கிறார், உப்பைக்கூடச் சரிபார்த்துவிட்டுத்தான் போடுகிறார், ஒருநாள் சரியாக வராத குழம்பை மறுநாள் திருத்தி வைக்கிறார், பாத்திரமும் அவ்வப்போதே கழுவியாகிவிடுகிறது. வகுப்பில் கடைசி மணி அடிக்கும்போது இன்றைக்கு என்னவாக இருக்கும் என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

இதில் ஒரே ஒரு சிக்கல், மேடை. அந்தச் சமையல் மேடை என் உயரத்துக்குக் கட்டியது, நானோ உன் அப்பாவின் தோளுக்குக்கூட எட்டாதவள். அவர் காய் நறுக்க நின்றால் தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவர் மாதிரி வளைந்து நிற்க வேண்டும். சாயங்காலம் ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் ஒத்தடம். ஒன்று மேடை உயர வேண்டும், இல்லை அவர் சமையலை விட வேண்டும் என்கிற நிலைமை வந்துவிட்டது. அப்போதுதான் கரையான் கைகொடுத்தது, இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டிவிடலாம் என்றார், நானும் சரி என்றேன்.

காண்ட்ராக்டரைப் பிடித்துக்கொடுத்தது உன் சித்தி. அவள் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தவர். காதில் பென்சில், கையில் இரண்டு போன், எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாம் மேடம்” என்பார், அதனால் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் அவர் பெயரே பாத்துக்கலாம். நல்ல வேலைக்காரர்தான், தற்பெருமையும் அதே அளவுக்கு உண்டு, தான் கட்டிய சமையலறையில் கால் வலி என்று யாரும் சொன்னதில்லை என்று வந்த அன்றே மூன்று முறை சொன்னார். குளிர்பெட்டிக்கு இடம் விட மட்டும் மறந்துபோனார், இப்போது அது கூடத்தில் சோபா பக்கத்தில் வந்த விருந்தாளி மாதிரி நிற்கிறது. அதைக் கேட்டதற்கும் அதே பதில்தான். முதல் நாள் அவர் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு “சமைக்கிறது யாரு, மேடம்தானே?” என்றார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் “ஆமாமா, அவங்கதான்” என்று சொல்லிவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். யாருக்காக மேடையை உயர்த்தப் போகிறோமோ அந்த ஆளே அங்கே இல்லை என்று ஆகிவிட்டது. அதோடு நின்றதா, வேலை தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் ஆட்கள் வருகிற நேரத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பையோடு ஆபீஸ் போகிறவர் மாதிரி வெளியே போகத் தொடங்கினார். போவது நூலகத்துக்கு. கல்லூரி விடுமுறை என்பதால் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு.

இதிலே கூத்து என்னவென்றால், போவதற்கு முன்னால் பின்பக்கம் பால்கனியில் அடுப்பை வைத்து எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டுத்தான் போவார். மத்தியானம் ஆட்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பேன். பாத்துக்கலாம் தட்டை வழித்துவிட்டு “மேடம், உங்க கைப்பக்குவமே தனி, எங்க வீட்ல சொன்னா சண்டை வரும்” என்பார். கொத்தனார் இன்னொரு கரண்டி கேட்பார். நான் என்ன சொல்வது, செய்யாத வேலைக்கு வந்த பாராட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். சாயங்காலம் அப்பா வந்து சட்டையைக்கூட மாற்றாமல் “இன்னைக்கு என்ன சொன்னாங்க?” என்று கேட்பார். நான் ஒப்பிப்பேன். கொத்தனார் என்ன சொன்னார், எத்தனை முறை வாங்கிச் சாப்பிட்டார் என்று குறுக்குக் கேள்வி வேறு. உன் சித்தி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு “ஏன் அத்தான், திருடனாட்டம் ஒளிஞ்சு ஒளிஞ்சு சமைக்கிறீங்க?” என்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே குழம்பைக் கிளறினார். நானே காண்ட்ராக்டரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டொரு தடவை வாயெடுத்தேன், ஆனால் அது சரியாகப்படவில்லை. அவர் வாயால் வரவில்லையென்றால் மேடை உயர்ந்தும் புண்ணியமில்லை, யாராவது வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குத்தானே போய் உட்காருவார்.

கிரானைட் பலகை வந்து இறங்கிய நாள் நல்ல மழை. அப்பாவால் வெளியே போக முடியவில்லை, லீவு என்று சொல்லிவிட்டு, மாட்டிய இஸ்திரிச் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பலகையைத் தாங்கும் சின்னச் சுவரைக் கட்டி அதன்மேல் ஏற்றினால் தீர்ந்தது, பிறகு உயரத்தை மாற்ற இடித்தால்தான் உண்டு. பாத்துக்கலாமிடம் ஒரு பழக்கம், உயரத்தை டேப் வைத்து முடிவு செய்ய மாட்டார். செங்கல் அடுக்கி மேலே ஒரு ப்ளைவுட்டைப் போட்டு, சமைக்கிறவரை அங்கே நிற்க வைத்து நிஜமாகவே காய் நறுக்கச் சொல்வார். முழங்கை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சுவரில் கோடு போடுவார். என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு அப்பாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, கத்தியை எடுத்துக் கேரட்டில் இறங்கிவிட்டேன். நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று சித்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நம்பாதே, என் கைக்கு வருவதே அவ்வளவுதான். ஒரு துண்டு கட்டைவிரல் மாதிரி, அடுத்தது காகிதம் மாதிரி, ஒன்று உருண்டு போய் சிமெண்டில் விழுந்தது. பாத்துக்கலாம் கண்ணை மூடிக்கொண்டு “நறுக்குற சத்தத்துலயே தெரியுது மேடம், பல வருஷ அனுபவம்” என்றார். சுவரில் கோடும் போட்டுவிட்டார், பழைய மேடை இருந்த அதே உயரத்தில். கொத்தனார் கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா சமையலறை வாசலில் வந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். கேரட்டைத் தாங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டியதும் அவரால் முடியவில்லை. “ஐயோ, அப்படி இல்ல, கத்திய இப்படிக் குடு” என்று உள்ளே வந்துவிட்டார். வாங்கினார், முட்டைக்கோஸைத் திருப்பி வைத்து நறுக்கத் தொடங்கினார். நூல் நூலாக விழுகிறது, கை ஓடுவதே தெரியவில்லை, முதுகு மட்டும் அந்த ப்ளைவுட் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. பாத்துக்கலாம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு “சார், அப்ப இத்தனை நாள் நாங்க சாப்பிட்டது?” என்று இழுத்தார். அப்பா தலையைத் தூக்காமல் “நான் செஞ்சதுதான். இந்த வீட்ல சமைக்கிறது நான்தான்” என்றார். “அப்ப ஆபீசு?” என்று கொத்தனார் கேட்டுவிட்டார். அப்பா கத்தியைக் கீழே வைத்தார். “ஆபீஸ் இல்லங்க. வேலை போயிடுச்சு. தினமும் நான் போறது லைப்ரரிக்கு” என்றார், மழை விட்டுவிட்டது என்று சொல்கிற குரலில். கொத்தனார் “அட, அதுக்கா சார் இந்த மழையிலயும் இஸ்திரி போட்ட சட்டை?” என்றார், அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லோரும் சிரித்தோம், பாத்துக்கலாம்தான் அதிகம். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேடத்துக்குக் கொடுத்த பாராட்டையெல்லாம் உங்களுக்கே கொடுத்திருப்பேனே சார்” என்று குறைப்பட்டுக்கொண்டே எனக்காகப் போட்ட கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு வரிசை செங்கல் ஏற்றி, அப்பாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, புதிதாக ஒரு கோடு போட்டார்.

பலகை அந்தக் கோட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்கு அது நெஞ்சுக்கு வருகிறது. டீ போடவாவது மேடத்துக்கு ஓரமாகத் தாழ்வாக ஒரு பலகை வைத்துத் தரட்டுமா என்று பாத்துக்கலாம் கேட்டதற்கு, “வேணாம், அவங்களுக்கு டீ நான் போட்டுக் கொடுத்துக்கிறேன்” என்று அப்பா சொல்லிவிட்டார். பெருந்தன்மை என்று நினைக்காதே, நான் போடும் டீ அவருக்குப் பிடிக்காது. இப்போது அவர் காலையில் வெளியே போவதில்லை. பழைய பனியனோடு ஆட்கள் நடுவிலேயே நின்று சமைக்கிறார், யார் எட்டிப் பார்த்தாலும் கரண்டியைக் கீழே வைப்பதில்லை. அடுத்து எடுத்திருக்கும் வேலையிலும் தன் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க முடியுமா என்று பாத்துக்கலாம் கேட்டிருக்கிறார். ஒரு தொழில் என்று சொல்கிற அளவுக்கு இதெல்லாம் வளருமா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் இரண்டு பெரிய பாத்திரங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன, நான் வாயைத் திறக்கவில்லை.

உனக்கு எழுதச் சொன்னது அவர்தான். “நான் போன்ல சொன்னா குரல் ஒரு மாதிரி ஆயிடும், அவ பயந்துடுவா, நீயே எழுதிடு” என்றார். எழுதிவிட்டேன். நீ அழுது வைக்காதே, ஏன் மறைத்தீர்கள் என்று அவரிடம் சண்டைக்கும் போகாதே, அந்தச் சண்டையை என்னிடம் போடு, நான் தாங்குவேன். குளிருக்குக் காலில் ஏதாவது போட்டுக்கொள், வெளியே வாங்கித் தின்பதைக் குறைத்துக்கொள். நினைத்ததெல்லாம் கைகூடி, மனசில் குறையில்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வழக்கம்போல “ஆபீஸ் எப்படிப்பா?” என்று தொடங்காதே. “இன்னைக்கு என்னப்பா சமையல்?” என்று கேள். பதில் ரொம்ப நீளமாக வரும், நடுவில் போனை வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் கேட்டுக்கொள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா