வெயிலில் காய்ந்த இசைத்தட்டுகள்

கார்த்திகை, வெள்ளி இரவு.

ஆறு வருஷமாகத் தேடிய சாக்ஸபோன் ஆல்பம் இன்று பார்சலில் வந்தது. மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள்.

முன்பு என்னிடம் இருந்ததை விமலா காப்பாற்றத்தான் பார்த்தாள். வாய்க்கால் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நான் சென்னையில் இருந்தேன். நனைந்த ஜாஸ் தட்டுகளைத் துடைத்து, நெல் காயப்போடுகிற மாதிரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் பரப்பியிருந்தாள். நடுவில் ஒருதரம் திருப்பியும் போட்டிருக்கிறாள். நாற்பதும் அப்பளமாக வளைந்துவிட்டன. பெண்டாட்டி என்றும் பார்க்காமல், "உன் கை படாம இருந்தாலே பொழச்சிருக்கும்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அதற்குப் பிறகு அவள் இந்த அறைக்குள் வந்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

இன்று கூப்பிட்டேன். தட்டைச் சுழலவிட்டு, "உள்ள வந்து உக்காந்து கேளேன், விமலா" என்றேன்.

நிலைப்படி வரை வந்தாள். "கை ஈரமா இருக்குங்க. இங்கயே நின்னு கேக்குறேன்."

ஒரு பக்கம் முடியும் வரை அசையாமல் நின்றாள். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கையைப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.